முகம் பார்க்கும் மாதம்

விளக்கேற்றிய பிறகு எங்கள் வீட்டில் துடைப்பச் சத்தம் கேட்டது, ஜன்னத் அக்கா. சர்... சர்... கொஞ்சம் நிற்கும். மறுபடி சர்...

துடைப்பச் சத்தத்துக்கு யாராவது பயப்படுவார்களா என்பீர்கள். எங்கள் வீட்டில் பயப்படத்தான் வேண்டும். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் அடுப்படியில் கோதுமை மாவைச் சிந்திவிட்டேன். மணி ஏழிருக்கும். கூட்டி அள்ளப் போனேன். அத்தை, அதாவது என் மாமியார், ஓடி வந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். "வெளக்கு வச்ச பெறகு கூட்டுனா லெட்சுமி வெளிய போயிருவாட்டி. ஒங்க கான்வென்ட்டுல இதெல்லாம் சொல்லித் தரலையா?" அன்றிலிருந்து இரவில் ஒரு பருக்கை சிந்தினாலும் கையால்தான் பொறுக்குவோம்.

அப்படிப்பட்ட வீட்டில், ஹால் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் யாரோ கூட்டுகிறார்கள். முதல் நாள் கனவு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் எலி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். என் அறை வாசலில் அத்தை குந்தியிருந்தார்கள். ஒரு கையில் சின்ன டார்ச். தரையோடு கண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கூட்டி, கூட்டியதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, பூனை மாதிரிப் பின்பக்கம் போனார்கள்.

உருட்டியது என் முடி.

அப்போது நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டாமா?

நேற்று தோல் டாக்டரிடம் காத்திருந்தபோது பெஞ்சில் உங்கள் பக்கத்தில் இருந்தேனே, நீல ஷால், பதினான்காம் டோக்கன், மடியில் ஐந்தரை மாதப் பெண் பிள்ளை. நான்தான். அனுசுயா. நீங்கள் முழங்கைத் தடிப்பைக் காட்ட வந்திருந்தீர்கள். மகன் யூசுப்புக்கு நாற்பது கழிந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றீர்கள். நான் ஷாலை இழுத்து, மார்பை மட்டுமல்ல, என் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். நீங்கள் கேட்டீர்கள்: "ஏம்மா, மொகத்தையும் சேத்து மூடிக்கிட்டா பிள்ளை ஒன்னயத் தேடாதா?"

கழுத்துச் சுளுக்கு என்றேன். பொய். கழுத்துச் சுளுக்குக்கு யாராவது முகத்தை மூடுவார்களா? அதற்குள் உங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் பொய் என்னைத் தூங்க விடவில்லை, அக்கா. இன்னும் ஒன்றரை மாதத்தில் யூசுப் உங்கள் முகத்தைப் பார்த்து, இது என் உம்மா என்று தெரிந்து சிரிப்பான். அதே சமயம் உங்களுக்கு முடி கொட்டும். கொட்டாமலும் இருக்கலாம். கொட்டினால், யாராவது வந்து ஒன்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் பிள்ளை தூங்கிய பிறகு இந்த நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்கள் அல்லவா, அன்று கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன். முன் பக்கங்களைக் கொடுக்க மாட்டேன்.

என் முடியைப் பற்றி நானே சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும். சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பள்ளியில் ரெட்டைப் பின்னல் போட்டு மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். என் பின்னலை மடித்தாலும் இடுப்புக்கு வரும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பூ வைக்கிற சாக்கில் அத்தை பின்னலை மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார்கள். சவுரியா சொந்த முடியா என்று பார்க்க. நான் "ஆ" என்றேன். அத்தை முகம் மலர்ந்துவிட்டது. அந்த "ஆ"வில்தான் சம்பந்தம் முடிவானது என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்வார். அவருக்குப் பால் பண்ணையில் குளிர்சாதன மெக்கானிக் வேலை. வீடு வர ஒன்பதாகும்.

பிள்ளை ஆபரேஷனில் பிறந்தாள். ரத்தம் நிறையப் போய், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அப்போது ஒரு முடி கொட்டவில்லை, கேளுங்கள். கர்ப்பமாக இருந்தபோது முன்பைவிட அடர்த்தியாகக்கூட இருந்தது. பிள்ளைக்கு நிறைமதி என்று பேர் வைத்தோம். மதி. மூன்று மாதம் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சீயக்காயை அலசிவிட்டுக் கையைப் பார்த்தால், விரலுக்கு விரல் முடி. குளியலறைத் தண்ணீர் போகவில்லை. குனிந்து மூடியைத் தூக்கினால் ஒரு கைப்பிடி. யாருடையதோ போல இருந்தது. அப்படியே ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு தினமும். தலையணையில், தோசையில், அவர் சட்டைப் பொத்தானில். "எங்கம்மா சேலை பாக்கற மாதிரி இழுத்துப் பாத்துத்தான எடுத்தாங்க? இப்ப நூல் பிரியுதே" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? இன்னும் கொஞ்ச நாளில் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் போலக் கேட்டது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக் கோமதி பெரியம்மா வந்தார்கள். நான் மதியை மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்து, திடீரென்று முகமெல்லாம் விரிய ஒரு சிரிப்பு சிரித்தாள். கோமதி பெரியம்மா கையைத் தட்டினார்கள்.

"ஏ சண்முகத்தாயி, ஒம் பேத்தி மொகம் பாக்க ஆரம்பிச்சுட்டால்லா! சரிதான். இனி இவளுக்குத் தலை கொட்டும். பிள்ளை ஒரு சிரிப்புச் சிரிச்சா, தாய் தலையில ஒரு முடி."

"கொட்டத்தான செய்யும்" என்றார்கள் அத்தை, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே. "எனக்கும் இவன் மொகம் பாக்கையிலதான் கொட்டிச்சு. சொட்டையா ஆயிட்டேன். பெறகு..." என்று என்னவோ சொன்னார்கள். அது என் காதில் விழவில்லை.

அக்கா, இதைத்தான் உங்களிடமும் சொல்வார்கள். உங்கள் மேலப்பாளையம் பக்கம் வேறு மாதிரிச் சொல்வார்களோ என்னவோ. பிள்ளை முகம் பார்த்தால் தாய்க்கு முடி கொட்டும். நான் நம்பவில்லை. நான் நம்புகிறவள் இல்லை. பத்தாம் வகுப்பில் அறிவியலில் நூற்றுக்கு நூறு. எங்கள் சிஸ்டர் லியோனி, "நம்பறதுக்கு முன்னாடி எண்ணிப் பாரு, நம்ப மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடியும் எண்ணிப் பாரு" என்பார். அதனால் எண்ணினேன். அவ்வளவுதான். ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னேன். மூன்று கட்டம் போட்டேன். தேதி. முடி. சிரிப்பு.

முதல் நாள் முடி நூற்று அறுபத்திரண்டு, சிரிப்பு பதினொன்று. மறுநாள் நூற்று எழுபது, சிரிப்பு பதினான்கு. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் போல இருந்ததால் ஷாலைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தேன். பிள்ளையை அத்தை வைத்திருந்தார்கள். அன்று முடி நூற்றுப் பத்து. சிரிப்பு, என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை.

நீங்களே சொல்லுங்கள். எண்ணிக்கை அல்லவா?

ஒரு வாரம் சோதனைக்காக மட்டும் என்று முகத்தை மூட ஆரம்பித்தேன். பால் கொடுக்கும்போது ஷால். குளிப்பாட்டும்போது பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிக் காலில் போட்டுக்கொள்வேன். தூக்கினால் தோளில், அவள் முகம் பின்பக்கம். சில நாள் குறைந்தது. சில நாள் ஏறியது. ஏறிய நாளெல்லாம் யோசித்துப் பார்ப்பேன். ஷால் எப்போதோ விலகியிருக்கும், எனக்குத் தெரியாமல் பார்த்திருப்பாள் என்று தோன்றும். கரண்ட் போன ராத்திரி ஒன்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் கண் திறந்திருந்தது. மறுநாள் நூற்றுத் தொண்ணூறு. எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மற்றதும் செய்யாமல் இல்லை. சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு தேய்த்தேன், பிள்ளை நாற்றம் தாங்காமல் பால் குடிக்க மாட்டேன் என்றாள். கரிசலாங்கண்ணி, வெந்தயம், முட்டை. போனில் விளம்பரம் வருகிற எண்ணெய் ஒன்று, அதில் வருகிற பெண்ணுக்கு முழங்கால்வரை முடி. எல்லாம் தேய்த்தேன். எல்லாவற்றுக்கும் நோட்டில் பக்கம் இருக்கிறது.

இப்போது ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளை காலையிலிருந்து வீரிட்டு அழுதாள். பாலுக்கு அடங்கவில்லை, தூளிக்கு அடங்கவில்லை. அத்தை சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் எறும்பு தேடினார்கள். கால் உறையைக் கழற்றினால், சுண்டுவிரல் கோவைப்பழம் மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது. என் முடி ஒன்று எப்படியோ உறைக்குள் போய் விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. கண்ணுக்கே தெரியவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசி முனையால் தூக்கி, என் வீட்டுக்காரரின் சவர பிளேடுத் துண்டால் அறுத்தார்கள். விரல் மெல்ல நிறம் மாறியது. அத்தை அழுதார்கள். நான் அழவில்லை. நான் நினைத்தது ஒன்றுதான். பார்க்கவிடாவிட்டாலும் இந்தப் பிள்ளை என் முடியை விடவில்லை.

இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, அக்கா. ஆனாலும் உங்களுக்குப் பொய் சொன்னது போதும்.

அந்த வாரத்திலிருந்துதான் துடைப்பச் சத்தம். நான் என்ன நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அத்தை என் முடியைச் சேர்த்துவைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பையில் போட்டு, என் அம்மா அப்பா வரும்போது எடுத்து முன்னால் வைத்து, "ஒங்க பொண்ணுக்குச் சீக்கு இருக்கறத மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்களே" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். பின்பக்கம் போய்த் தேடினேன். அரிசி டின்னுக்குப் பின்னால், பழைய சேலை மூட்டைக்குள். கிடைக்கவில்லை. கிடைக்காததே எனக்கு மேலும் சந்தேகம். எங்கே ஒளித்தார்கள்?

அத்தை கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடுங்கிக்கொண்டார்கள். முன்பல் இல்லாத வாயைத் திறந்து அவர்கள் "பூஊ" என்றால் போதும், மதி துள்ளித் துள்ளிச் சிரிக்கிறாள். நான் பெற்றேன், நான் வயிற்றைக் கிழித்துக்கொண்டேன், சிரிப்பெல்லாம் அவர்களுக்கு. அவரிடம் சொன்னேன். "ஒங்கம்மா பிள்ளையை எங்கிட்ட ஒட்டவிட மாட்டேங்கிறாங்க." அவர் என்னையே பார்த்தார். ஷாலுக்குள் என்ன தெரிந்திருக்கும்? "நீதானட்டி பிள்ளைய அம்மாகிட்டயே திருப்பித் திருப்பிக் குடுக்க" என்றார். அம்மா பிள்ளை. வேறு என்ன சொல்வார்?

இன்னொன்று. என் அறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. சாத்தலாம், தாழ் கூடாது. குளிக்கப் போனாலும் அத்தை வெளியே நின்று, "என்னட்டி, சத்தமே காணும்?" என்பார்கள். இதுவும் அவரால் வந்தது. நாற்பதாம் நாள் வாக்கில் ஒருநாள் அவரிடம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது என்றேன். களைப்பில் எல்லோரும் சொல்வதுதான். அதைப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அத்தைக்கு என்மேல் ஒரு கண். இரவில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார்கள். எத்தனை முடி கிடக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி. போன வாரத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மதியை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்கள். "ஏட்டி அனு, ஒன்னு கவனிச்சியா? பிள்ளை ஒன் மொகத்தப் பாக்கவே மாட்டேங்கா."

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன். சோதனை முடிந்தது, இனி கொட்டாது என்று தோன்றியது. ஒரு நிமிஷம்தான். பிறகு "மதி" என்றேன். திரும்பினாள். என் காதைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். எதையோ தேடினாள். எனக்குப் பின்னால், முற்றத்துக் கொடியில், துவைத்துப் போட்ட நீல ஷால் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மதி அதைக் கண்டுகொண்டாள். காலை உதைத்து, கையை நீட்டி, முகமெல்லாம் விரிய, ஷாலைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்கு மாதிரியே, அக்கா. முதல் நாள் மடியில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

அத்தையும் பார்த்தார்கள். கொடியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எழுந்து போய் ஷாலை எடுத்து மடித்து என் கையில் கொடுத்து, "டாக்டர்ட்ட போவோம்" என்றார்கள். "முடிக்கா?" என்றேன். "முடிக்குன்னே வச்சுக்கோ" என்றார்கள்.

அதனால்தான் நேற்று அங்கே வந்தது. நீங்கள் பார்த்தது.

டாக்டர் அம்மா என் தலையில் ஒரு கொத்துப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார்கள். எட்டு முடி வந்தது. நான் எண்ணிவிட்டேன். பிரசவம் எப்படி, ரத்தம் எவ்வளவு போனது, எத்தனை மாதம் கழித்துக் கொட்டியது என்று கேட்டார்கள். பிறகு ஒரு தாளில் கோடு போட்டுச் சொன்னார்கள். நான் உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தினமும் நூறு முடிவரை கொட்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கொட்ட வேண்டியதும் கொட்டாமல் நிற்கும். அதனால்தான் அடர்த்தியாகத் தெரிகிறது. பிரசவம் ஆனதும், அதிலும் ரத்தம் போயிருந்தால், உடம்புக்கு ஒரு அதிர்ச்சி. நின்றதெல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டு, அப்புறம் மொத்தமாக விழும்.

"பிள்ளை ஆள் தெரிஞ்சு சிரிக்கிறதும் அதே மூணாவது மாசம்தான்" என்றார்கள். "ரெண்டும் ஒரே பஸ்ல வந்து எறங்குது. ஒருத்தர் இன்னொருத்தரக் கூட்டிட்டு வரல. புரியுதா?"

வேர் சாகவில்லை, திரும்ப முளைக்கும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது பாதிக் கவலை போய்விடும் என்றார்கள். இரும்புச் சத்து குறைந்திருக்கும் போல, ரத்தம் பார்க்கவும் தைராய்டு பார்க்கவும் எழுதிக் கொடுத்தார்கள். வெங்காயத்தைச் சாம்பாரில் போடச் சொன்னார்கள்.

எனக்கு வாதாடத் தோன்றியது. நோட்டை எடுத்து வைத்தேன். டாக்டர் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். முதலில் சிரித்த முகம்தான். பத்துப் பக்கம் தாண்டியதும் நின்றார்கள்.

"இந்த மூணாவது கட்டத்துல வரிசையா சைபர் சைபரா போட்டிருக்கே, இது என்ன?"

"சிரிப்பு, டாக்டர்."

"யார் சிரிப்பு?"

அத்தைதான், "பிள்ளை இவளப் பாத்துச் சிரிக்காத நாளு" என்றார்கள். அத்தைக்கு எப்படித் தெரியும்? நோட்டை எப்போது பார்த்தார்கள்? பாருங்கள், இந்த வீட்டில் எனக்கென்று ஒன்றும் இல்லை.

டாக்டர் அம்மா நோட்டை மூடி வைத்தார்கள். முடிக்கு மாத்திரை தருகிறேன், மற்றதற்கு ஒரு டாக்டர் இருக்கிறார், பிரசவத்துக்குப் பிறகு பயம் வருகிற அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசுவார், புதன்கிழமை போய்ப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ராத்திரியில் டார்ச் அடித்துக் கூட்டுவது அவர்கள், பயத்துக்கு டாக்டர் எனக்கா? ஆனால் நான் கேட்டது அதுவல்ல. வாயிலிருந்து வேறு வந்தது.

"அவ இனி என்னைப் பாப்பாளா, டாக்டர்?"

"அஞ்சு மாசப் பிள்ளைம்மா. அதுக்கு இன்னும் ரோஷம் முளைக்கல. ஷாலை எடுத்துட்டு எதுக்க உக்காரு. ஒரு நாள்ல வரலாம், பத்து நாள்ல வரலாம். நீ திரும்பிக்காத, அவ்வளவுதான்."

வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் அத்தையிடம் கேட்டே விட்டேன். "வெளக்கு வச்ச பெறகு எதுக்குக் கூட்டுறீங்க?"

அத்தை மதியின் கால் உறையை இழுத்துவிட்டார்கள். "பிள்ளை காலுல முடி சுத்திக்கிட்டுல்லா அன்னைக்கு? இனிமே குப்புற விழுந்து தவழுத பருவம். கையில கிடைச்சத வாயில போடும். எம் மவன் வந்து பாத்தாலும் எதாவது வாய்க்கு வந்ததச் சொல்லுவான், ஒனக்குச் சங்கடம்."

"லெட்சுமி?"

"லெட்சுமி போனா போறா, நாளைக்கு வருவா. பிள்ளை விரல் போனா வருமா?"

"முடிய என்ன செஞ்சீங்க?"

"அடுப்புல போட்டேன். வேற என்ன, மாலையா கட்டுவாக?" ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். பிறகு அத்தை என் முழங்காலைத் தட்டி, "எனக்கும் கொட்டிச்சுன்னு அன்னைக்கே சொன்னேம்லா? பெறகு குத்துக் குத்தா நெத்தியில முளைச்சுது. காதுல வாங்குனியா நீ?" என்றார்கள்.

அன்றைக்கே என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? உரக்கச் சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு அவர்கள்மேல் இன்னும் குறை.

நேற்று ராத்திரி ஷால் இல்லாமல் ஹாலில் மதி எதிரில் உட்கார்ந்தேன். அவர் சீக்கிரமே வந்துவிட்டார். கோமதி பெரியம்மாவும் சேதி கேட்க வந்திருந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். "அம்மாவப் பாரு, மதி, அம்மாவப் பாரு." அவர் கையைத் தட்டினார். கோமதி பெரியம்மா சாவிக்கொத்தை என் தலைக்கு மேல் ஆட்டினார்கள். மதி சாவியைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், அப்பா மீசையைப் பார்த்தாள். என் முகம் மட்டும் ஒரு காலி இடம் மாதிரி. கடைசியில் அழுதாள். ஷால் கிடந்த நாற்காலியை நோக்கிக் கையை நீட்டி அழுதாள். கோமதி பெரியம்மா உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்து அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். தலையணையில் இருபது முடிக்கு மேல் கிடந்தது. எண்ணிக்கொண்டே வந்து, இருபத்தொன்றில் நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்று காலை இரண்டு தடவை, மத்தியானம் ஒரு தடவை. இல்லை. ஒவ்வொரு தடவையும் அத்தை ஏதோ வேலையாகக் கடந்து போவார்கள், மதி அவர்கள் பின்னாலேயே கண்ணை ஓட்டுவாள். சாயங்காலம் குளித்தேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன், கொட்டியதைப் பார்க்கவில்லை. ஈர முடியோடு, முகத்தில் ஒன்றுமில்லாமல், மதியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்று கேட்டேன்.

"அத்தை, நான் கதவச் சாத்திக்கட்டுமா? தாழ் போட்டு?"

அத்தை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். சுளகு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்கள். நெற்றி ஏறியிருப்பதை, வகிடு அகன்றிருப்பதை, கண்ணுக்குக் கீழே இருப்பதை, எல்லாவற்றையும் பார்த்தார்கள். இரண்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் என் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. என்ன கேட்பார்களோ, என்ன மறுப்பார்களோ என்று நின்றேன்.

"பிள்ளையோடவா?" என்றார்கள்.

"பிள்ளையோடதான்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "போட்டுக்கோ. இல்லன்னா கோமதி வந்து எட்டிப் பாத்துருவா. நான் இங்கனதான் உக்காந்திருக்கேன்." சுளகை எடுத்துக்கொண்டு வந்து என் கதவுக்கு வெளியே சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

மதியைப் பாயில் படுக்கவைத்தேன். ஷாலை வெளியே போட்டுவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன், அவள் அதைத்தான் பார்ப்பாள் என்று. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினால் நகரவில்லை. நான்கு மாதம் யாரும் தொடாததால் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தினேன். கிறீச் என்று ஒரு சத்தம். பாதியில் நின்றது. திரும்பினேன்.

சத்தம் வந்த பக்கம் மதி தலையைத் திருப்பினாள். அங்கே கதவும் நானும்தான் இருந்தோம்.

பார்த்தாள், அக்கா. காதை அல்ல, தோளை அல்ல. புருவத்தைச் சுளித்துக்கொண்டு, புதிதாக வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பது போல, என் நெற்றியிலிருந்து வாய்வரைக்கும் வாயிலிருந்து கண்வரைக்கும் பார்த்தாள். சிரிக்கவில்லை. அழவுமில்லை. ஈர முடி ஒன்று என் கன்னத்தில் ஒட்டியிருந்தது, அதைக்கூட நான் எடுக்கவில்லை. மூச்சு விட்டால் திரும்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வெளியே உளுந்து புடைக்கிற சத்தம் நின்றிருந்தது.

நான் முகத்தைத் திருப்பவில்லை. அவள் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்பக்கம் கையை விட்டுத் தடவி, மிச்சத் தாழ்ப்பாளையும் தள்ளிப் போட்டேன்.